86 கதைகளுக்குப் பிறகு: தொடர்வதா, நிறுத்துவதா?

கேள்வி இதுதான். சென்னை பெரம்பூரில் இருக்கும் ஓர் இளைஞர், தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். நான்கு ஆண்டுகளாகத் தமிழ்ச் சிறுகதைகளை வாசித்து, பதிவு செய்து, யூடியூபில் ஏற்றி வருகிறார். இதுவரை 86 கதைகள். ஒவ்வொன்றும் சுமார் 20 நிமிடம். ஒரு கதையை ஏறக்குறைய 300 பேர் திறக்கிறார்கள், 120 பேர் கடைசி வரை கேட்கிறார்கள். இரண்டு வருடமாக இந்த எண்ணிக்கை நகரவில்லை. வீட்டில் ஏழு மாதக் குழந்தை. இதைத் தொடர்வதில் பொருள் இருக்கிறதா, நிறுத்திவிடலாமா என்று கேட்டு நீளமாக எழுதியிருந்தார். அவருக்கு நான் எழுதிய பதில் கீழே.

தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் என்னால் பதில் சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்து வைத்தால் உங்களுக்கே பதில் தெரியும் என்று நினைக்கிறேன். நானும் ஒருமுறை இதே இடத்தில் நின்றிருக்கிறேன். அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியாமல் மோசமான வழியில் வெளியே வந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு காலாண்டிதழ் நடத்தினோம். மூவருக்கும் வேறு வேலை உண்டு. 400 படிகள் போடுவோம். டெமி அளவில் ஐந்து ஃபாரம், அதாவது 80 பக்கம். கோட்டாற்றில் ஒரு சின்ன அச்சகம். ஈய எழுத்தைக் கையால் கோத்து அடித்துக்கொண்டிருந்த கடைசி வருடங்கள் அவை. அலுவலகம் விட்டு நேராக அங்கே போனால் மை காயாத ப்ரூஃப் கையில் கிடைக்கும். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக ஒன்பது மணி ஆகும். இதழ் வந்ததும் மடித்து, தபால்தலை ஒட்டி, மூன்று பைகளில் தலைமைத் தபால் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவோம்.

நான்கு வருடத்தில் 16 இதழ் வந்திருக்க வேண்டும். வந்தது 11. அந்தப் பதினோராவது இதழில் ஒரு குறுநாவலின் முதல் பாதியைப் போட்டு, 'அடுத்த இதழில் முடியும்' என்று அச்சிட்டிருந்தோம். அடுத்த இதழ் வரவே இல்லை. நிறுத்துவதென்று நாங்கள் யாரும் முடிவு செய்யவில்லை. ஒருவருக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. இன்னொருவரின் அப்பா படுக்கையில் விழுந்தார். பொங்கல் கழியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். அப்புறம் சித்திரை கழியட்டும் என்றேன். சந்தா கட்டிய அறுபது பேருக்கு இதழ் பாக்கி இருந்தது. 'இதழ் கிடைக்கவில்லை, தபாலில் தவறிவிட்டதா?' என்று அஞ்சலட்டைகள் வந்தன. அவற்றுக்கு நான் பதில் எழுதவில்லை. முப்பது வருடம் ஆகிறது, அந்த அட்டைகள் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன. குறுநாவல் எழுதியவரின் முகத்தைப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது என்னால் நிமிர முடியவில்லை.

இரண்டு வருடம் நான் இலக்கியப் பக்கமே போகவில்லை. இதழ் செத்துவிட்டது, அதோடு எனக்கும் அந்தப் பக்கம் வேலை முடிந்தது என்று நம்பியிருந்தேன். பிறகு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், தான் எழுதிய கதை என்று ஒன்றைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தான். அன்று இரவு பென்சிலோடு உட்கார்ந்தேன். எழுந்தபோது மணி இரண்டு. மறுநாள் அவனோடு டீக்கடையில் நின்று, இந்தப் பத்தி எதற்கு, இந்த அம்மா ஏன் இவ்வளவு பேசுகிறாள் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு கதையை எழுதியவனோடு உட்கார்ந்து அதைச் சரி பார்ப்பது. இதழ் என்பது அந்த வேலைக்கு நான் போட்டுக்கொண்ட சட்டை, அவ்வளவுதான். சட்டை கிழிந்ததை உடம்பே போய்விட்டதாக எடுத்துக்கொண்டேன். இன்றுவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். இதழும் இல்லை, என் பெயரும் எங்கும் வராது, ஒரு குறையும் தெரியவில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கணக்குப் பிரிவுக்காரர் என்பதால் நேரக் கணக்கைத் துல்லியமாகவே எழுதியிருக்கிறீர்கள். ஒரு கதைக்கு 11 மணி நேரம். கதையைத் தேர்ந்து, வாய்விட்டு வாசித்துப் பழக 2. பதிவு செய்ய ஒன்றரை. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சல் நீக்கி, தடுமாறிய இடங்களை வெட்டி ஒட்ட நாலரை. முகப்புப் படம், குறிப்பு, வாட்ஸ்அப் குழுக்களிலும் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பகிர்வது, அங்கே வரும் பின்னூட்டங்களைப் பார்ப்பது எல்லாம் சேர்த்து 3.

இதில் கதையும் உங்கள் குரலும் சந்திக்கும் நேரம் மூன்றரை மணி. மீதி ஏழரை மணி நேரம் சேனல் என்ற வண்டியைத் தள்ளுகிற வேலை. கடிதத்தில் நீங்கள் அலுப்பாக எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் அந்த ஏழரை மணியைப் பற்றியதுதான். முகப்புப் படத்துக்கு எழுத்துரு தேடியது, பகிர்ந்த குழுவில் யாரும் ஒன்றும் சொல்லாதது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை வெட்டியது, எல்லாம். வாசிப்பதைப் பற்றி ஒரு வரிகூட அலுப்பாக இல்லை. ஆகவே 'தொடரலாமா' என்பதை இரண்டாக உடையுங்கள்: வாசிப்பதைத் தொடரலாமா என்பது ஒன்று, இந்தச் சேனலை இப்போது நடக்கிற மாதிரியே தொடரலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு உங்கள் கடிதமே ஆம் என்கிறது. இரண்டாவதற்கு வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பணத்தைப் பற்றி ஓரமாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள், கொஞ்சம் வருமானம் வந்தாலாவது வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று. அதை இன்றே கணக்குப் போட்டு முடித்துவிடலாம். யூடியூபில் கதை போன்ற நீளப் பதிவுகளுக்கு விளம்பர வருவாயில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். உங்களுக்கு ஒரு கதைக்கு 120 பேர், ஆளுக்கு 20 நிமிடம் என்றால் 40 மணி நேரம். வருடத்துக்கு 22 கதைகள் என்றால் 880 மணி நேரம். பாதியில் போகிறவர்களையும் பழைய கதைகளைத் தேடி வருகிறவர்களையும் சேர்த்தாலும் அந்த எல்லை தொலைவில்தான் இருக்கிறது. அதை எட்ட வேண்டுமானால் நீங்கள் வேறு விதமான சேனல் நடத்த வேண்டும். பேய்க்கதை, குற்றக்கதை, தினம் ஒரு பதிவு. அது தாழ்ந்த வேலை என்று சொல்லமாட்டேன், ஆனால் நீங்கள் செய்ய விரும்பியது அதுவல்ல. பணத்தைக் காரணப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டால் 120 என்ற எண்ணும் வேறு மாதிரித் தெரியும். நீங்கள் 11 மணி நேரம் செலவழிக்கிறீர்கள், அது 40 மணி நேரக் கேட்பாகத் திரும்பி வருகிறது. நாங்கள் அச்சடித்த 400 படிகளில் எத்தனை பேர் ஒரு கதையைக் கடைசி வரி வரை படித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற சிற்றிதழைத் தொடங்கியபோது 2,000 படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முதலிலேயே வரம்பு போட்டுக்கொண்டார். பெருக வேண்டும் என்ற எண்ணமே அதில் இல்லை. ந. பிச்சமூர்த்தி, சி. மணி, பசுவய்யா, தருமு சிவராமு என்று புதுக்கவிதை கால் ஊன்றியது அந்தப் பக்கங்களில்தான். நான் இதைச் சொல்வது, உங்கள் 120 பேரும் நாளைக்கு வரலாறு ஆவார்கள் என்பதற்காக இல்லை. செல்லப்பாவிடம் நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்றை. மாத இதழாக வந்தது கடைசிக் காலத்தில் காலாண்டிதழ் ஆனது. 119 இதழ்களோடு 1970இல் நின்றது. செல்லப்பா நிற்கவில்லை. இதழ் போன பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார். எண்பதைக் கடந்த வயதில் 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாகத் தானே வெளியிட்டார். 1998 டிசம்பரில் காலமானார். 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இதழ் நின்றதற்கும் அவருடைய எழுத்து நின்றதற்கும் நடுவே ஏறக்குறைய முப்பது வருடம் இருக்கிறது.

இன்னொரு பக்கம் யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா. முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்துகொண்டே 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கியவர். போர், இடப்பெயர்வு, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி 2012 வரை 401 இதழ்கள் கொண்டுவந்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதையில் குரல் தாழ்ந்துவிடும். ஆனால் 'ஜீவாவைப் பார், நீ ஏன் முடியாது என்கிறாய்' என்று யாராவது உங்களிடம் சொன்னால் காதில் வாங்காதீர்கள். அவர் தன் வாழ்க்கையையே இதழாக ஆக்கிக்கொண்டவர், ஓய்வு நேரத்தில் அதை நடத்தவில்லை. இரவு பதினொரு மணிக்குக் குழந்தை தூங்கிய பிறகு அலமாரிக் கதவைத் திறந்து, போர்வையைத் தொங்கவிட்டு, அதற்குள் தலையை நுழைத்து வாசிக்கிற உங்களை அந்த அளவுகோலால் அளப்பது நியாயம் இல்லை.

நீங்கள் களைத்திருக்கிறீர்களா, அல்லது இது உங்களுக்குள் முடிந்துவிட்டதா? இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கொஞ்ச நாளாகப் பத்துப் பக்கத்துக்குக் குறைவான கதைகளையே தேடி எடுப்பதாக எழுதியிருந்தீர்கள், அதை முடிவின் அடையாளமாக எண்ணி வருந்துகிறீர்கள். எனக்கு அது களைப்பாகத்தான் படுகிறது, தூக்கம் கெட்டவன் செய்கிற காரியம் அது. முடிந்துபோவது வேறு மாதிரி இருக்கும். ஒரு நல்ல கதையைப் படிப்பீர்கள், ரசிப்பீர்கள், மூடி வைப்பீர்கள், அதை யாருக்காவது வாசித்துக்காட்ட வேண்டும் என்று தோன்றவே தோன்றாது. ஓர் உரையாடல் வரும் இடத்தில் உதடு தானாக அசையாது. எங்கள் இதழில் இருந்த ஒரு நண்பருக்கு அப்படித்தான் ஆயிற்று. கவிதை எழுதிக்கொண்டிருந்தவர். ஒருநாள் நின்றுவிட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை, இழுத்துப் பிடிக்கவும் இல்லை. தோட்டம் போட்டார். அவரைப் பார்த்து நான் ஒருபோதும் பரிதாபப்பட்டதில்லை.

எனவே இரண்டு மாதம் பதிவு செய்யாதீர்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள், திரும்பும் தேதியையும் சொல்லுங்கள். அந்த இரண்டு மாதமும் படியுங்கள், அவ்வளவு போதும். எடிட்டிங் வேண்டாம், எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். உதடு அசைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

100 வரை போய் நிறுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது வேண்டாம். 14 கதை, ஒவ்வொன்றுக்கும் 11 மணி நேரம் என்றால் 154 மணி நேரத்தை ஓர் எண்ணின் அழகுக்காகக் கொடுக்கப்போகிறீர்கள். கடமைக்கு வாசித்த கதை கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும், குரல் பொய் சொல்லாது. 'எழுத்து' நின்ற 119 ஒன்றும் அழகான எண் இல்லை.

தொடர்வதாக முடிவு செய்தால், வடிவத்தை மாற்றுங்கள். மாதம் இரண்டு என்பது நீங்களே போட்டுக்கொண்ட விதி. நான்கு வருடம் முன்பு, குழந்தை இல்லாத வீட்டில் போட்ட விதி. வருடத்துக்கு ஆறு கதைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்தாளரின் ஆறு, அல்லது ஒரே ஊரைப் பற்றிய ஆறு. முகப்புப் படம் ஒன்றையே எல்லாவற்றுக்கும் போடுங்கள். ஒரு பின்னணி நிறம், கதையின் பெயர், எழுத்தாளர் பெயர், போதும். பகிர்வது ஒரே இடத்தில். எடிட்டிங்கை வேறொருவரிடம் கொடுக்கப் பாருங்கள். அந்தத் தொழில் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் உங்கள் கேட்பவர்களிலேயே இருப்பார்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிக்கொண்டே இருப்பது எப்படி? ஒருவர் தட்டச்சு செய்வார், வேறு நாட்டில் இருக்கும் இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். யாருடைய தலையிலும் முழுச் சுமை இல்லை. உங்கள் தலையில் இருக்கும் நாலரை மணி நேரத்தில் மூன்றைக் கழற்றினாலே நிறைய மாறும்.

வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'மனைவி ஒன்றும் சொல்வதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு மாதக் குழந்தையோடு இருக்கும் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொடரலாமா என்று அவரிடம் கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் பாரத்தை அவர் மேல் இறக்குவதாக ஆகும். வாரத்தில் எந்த இரவு அவருக்குத் தூக்கம் முழுசாக வேண்டும் என்று கேளுங்கள். அந்த இரவுகளை ஒதுக்கிவிட்டு மிச்சம் இருப்பதுதான் உங்களிடம் உள்ள நேரம். அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

சமைக்கும்போது உங்கள் கதைகளைக் கேட்பதாக ஒரு பெண்மணி எழுதிய கடிதத்தையும், அவருக்காகவாவது தொடர வேண்டும் என்று தோன்றுவதையும் சொல்லியிருந்தீர்கள். அந்தக் கடிதம் அருமையானது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் நிறுத்தினால் அவரிடமிருந்து எதுவும் பறிபோகாது. 86 கதைகள் இருக்கின்றன. ஒருமுறை கேட்ட கதையை மறுபடி கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

அவை இருக்க வேண்டும் என்பதால்தான் அடுத்ததைச் சொல்கிறேன். தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் இந்த மாதமே இதைச் செய்துவிடுங்கள். யூடியூபில் ஏற்றியதை மட்டும் நம்பாதீர்கள். சுருக்காத மூலக் கோப்புகளை, அதாவது வேவ் கோப்புகளை, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒன்றை ஊரில் அப்பா வீட்டில் கொடுத்து வையுங்கள். புதுமைப்பித்தன் போன்றவர்களின் படைப்புகள் நாட்டுடைமை ஆனவை. எழுத்தாளர் காலமாகி 60 ஆண்டுகள் கடந்தவற்றுக்கும் பதிப்புரிமை இல்லை. இந்த இரண்டு வகைக் கதைகளையும் ஆர்க்கைவ்.ஆர்க் தளத்தில் தாராளமாக ஏற்றலாம். இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் கதைகளுக்கு நீங்கள் சேனலுக்கென்றுதான் அனுமதி வாங்கியிருப்பீர்கள். வேறு இடத்தில் ஏற்றும் முன் அவர்களுக்கு இன்னொரு முறை எழுதிக் கேளுங்கள். வாய்மொழியாகச் சரி என்றவர்களிடம் இப்போதாவது ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

நிறுத்துவதாக இருந்தால், சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஐந்து நிமிடப் பதிவு ஒன்று போதும். எத்தனை கதை, ஏன் தொடங்கினீர்கள், இனி புதிதாக வராது, இருப்பவை எங்கே கிடைக்கும். யாருக்காவது ஒரு கதை வாசிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தால் அதை முதலில் முடித்துக் கொடுங்கள். என் இழுப்பறையில் இருப்பது போன்ற அட்டைகள் உங்களிடம் சேர வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் நடுவில் பதினொரு வரி, கு.ப.ரா.வின் (எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலன்) ஒரு கதையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தந்தி வந்து, விடிய விடிய ரயிலில் போகும் கதை. ஒரு வருடமாக அதை வாசிக்க நினைத்து, பெரம்பூரில் ரயில் சத்தம் இல்லாத இரவு கிடைக்காததால் விட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். கடிதத்தில் மற்ற இடமெல்லாம் எண்களாக இருக்க, அந்தப் பதினொரு வரியில் மட்டும் நீங்கள் வேறு ஆளாகப் பேசுகிறீர்கள். இரண்டு மாத ஓய்வு முடிந்ததும் அந்தக் கதையை எடுங்கள். ஒரே மூச்சில் வாசியுங்கள். நடுவில் வெளியே ரயில் போனால் போகட்டும், அதை வெட்ட வேண்டாம். முடிந்ததும் யாருக்கும் அனுப்பாமல் நீங்களே ஒருமுறை கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.